வடு ஆறும் வரை: உடல் ஊனமும் ஈட்டுத்தொகை உரிமையும்

சாலை விபத்தில் கையையோ காலையோ இழந்து படுத்திருப்பவரை நலம் விசாரிக்கச் செல்வோர் பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சொல்லித் திரும்புவர். ‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்’ என்பது ஒன்று. ‘கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டாம், வண்டிக்காரர் தருவதை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்’ என்பது மற்றொன்று. முதற்சொல் ஈமானின் சொல். இரண்டாவது உலகியற் சொல். இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டுமே மார்க்கத்தின் சொற்கள் போலத் தோன்றிவிடுகின்றன. விளைவு என்னவெனில், வாழ்நாள் முழுவதற்கும் தாங்கவேண்டிய ஊனத்திற்குச் சில ஆயிரங்களைப் பெற்றுக்கொண்டு ஒரு குடும்பம் வறுமைக்குள் இறங்குகிறது. ஈட்டுத்தொகை கேட்பது பேராசை என்றும், தவக்குலுக்கு மாறானது என்றும் எண்ணி நாணுவோரும் நம்மிடையே உளர்.

இவ்வெண்ணம் சரிதானா? காயமுற்றவரின் உரிமை பற்றி ஃபிக்ஹு நூல்கள் கூறுவன யாவை? இன்று நம் நாட்டுச் சட்டம் அவருக்கு என்ன வழி வகுத்திருக்கிறது? அவ்வழியில் எங்கெங்கு எச்சரிக்கை வேண்டும்? இவற்றை ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்ரும் கோரிக்கையும்

நிகழ்ந்ததை இறைநாட்டமென ஏற்பது உள்ளத்தின் கடமை. நிகழ்த்தியவரின் பொறுப்பை வரையறுப்பது நீதியின் கடமை. இவ்விரண்டையும் மார்க்கம் ஒருபோதும் குழப்பியதில்லை. தவறுதலாக நிகழ்ந்த கொலையைப் பற்றிப் பேசும் திருமறை வசனம் (4:92), கொன்றவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாத நிலையிலும், இறந்தவரின் குடும்பத்தாரிடம் தியத் எனும் ஈட்டுத்தொகை ஒப்படைக்கப்பட வேண்டுமென விதிக்கிறது. அக்குடும்பத்தார் அதனைத் தாமாக விட்டுக்கொடுத்தால் அது தர்மம் என்றும் அவ்வசனம் குறிப்பிடுகிறது. தர்மமாக விட்டுக்கொடுக்கப்படுவது ஏற்கெனவே ஒருவருக்கு உரிமையாக உள்ள பொருளாகத்தானே இருக்க முடியும்? ஆகவே, மன்னிப்பு சிறப்புடையது என்ற கூற்றே ஈட்டுத்தொகை ஓர் உரிமை என்பதற்குச் சான்றாகிறது.

கிஸாஸைப் பற்றிய மற்றொரு வசனமும் (2:178) ஈண்டு நினைவுகூரத்தக்கது. மன்னிப்பு வழங்கப்பட்டபின், கேட்பவர் நன்முறையில் கேட்கவேண்டும், கொடுப்பவர் அழகிய முறையில் கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. மன்னிப்பும் கோரிக்கையும் ஒரே வசனத்தில் அருகருகே அமைந்திருக்கின்றன. வண்டி ஓட்டியவரை நெஞ்சார மன்னித்துவிட்ட ஒருவர், சட்டப்படித் தமக்குரிய தொகையைக் கேட்பதில் முரண்பாடு இல்லை என்பது இதனால் விளங்கும்.

உறுப்புகளின் அட்டவணை

நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டு மக்களுக்கு அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) வாயிலாக அனுப்பிய மடல், காயங்களின் ஈடு பற்றிய இஸ்லாமியச் சட்டத்திற்கு அடித்தளமாகும். முவத்தாவிலும் நஸாயீயிலும் அது இடம்பெற்றுள்ளது. உயிருக்கு 100 ஒட்டகங்கள் முழு தியத். மூக்கு முழுவதும் அறுபட்டால் முழு தியத், நாவுக்கும் அவ்வாறே. இரு கண்களுக்கு முழு தியத், ஒரு காலுக்குப் பாதி. மூளையின் உறை வரை செல்லும் தலைக்காயத்திற்கும், உடலின் உட்குழிவை எட்டும் காயத்திற்கும் மூன்றில் ஒரு பங்கு. கைவிரலாயினும் கால்விரலாயினும் ஒவ்வொன்றுக்கும் 10 ஒட்டகங்கள், பல்லுக்கு 5, எலும்பு வெளித்தெரியும் காயத்திற்கு 5. உறுப்புகளுக்கும் காயங்களுக்கும் உரிய இத்தொகையை ‘அர்ஷ்’ என்பர்.

இவ்வட்டவணையோடு தொடர்புடைய ஒரு செய்தியை இமாம் ஷாஃபிஈ தம் ‘அர்ரிஸாலா’வில் எடுத்துரைக்கிறார். உமர் (ரலி) அவர்கள் விரல்களின் பயன்பாட்டைக் கருதிக் கட்டைவிரலுக்கு 15 ஒட்டகங்கள், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் பத்துப்பத்து, மோதிரவிரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6 எனத் தீர்ப்பளித்து வந்தார்கள். கூட்டினால் ஐம்பது, ஒரு கைக்குரிய பாதி தியத். பின்னர் அம்ர் இப்னு ஹஸ்மின் குடும்பத்தாரிடம் இருந்த மடலில் ஒவ்வொரு விரலுக்கும் 10 எனக் கண்ட மக்கள் அதனையே சட்டமாக ஏற்றனர். நபிமொழி கிடைத்தபின் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்பதை விளக்க இமாம் இச்செய்தியைக் கையாளுகிறார்.

நம் பொருளுக்கு இதிலிருந்து வேறொரு தெளிவும் கிடைக்கிறது. காயத்தை அளக்க இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, உறுப்பின் கண்ணியம். இவ்வளவுகோலின்படி அரசனின் விரலும் சுமைதூக்குவோனின் விரலும் சமம், கட்டைவிரலும் சுண்டுவிரலும் சமம். மற்றொன்று, உறுப்பு செய்துவந்த வேலை. உமரின் முதல் தீர்ப்பு இவ்விரண்டாவது அளவுகோலை நாடியது. மடலின் அட்டவணை முதலாவதை நிலைநாட்டியது.

ஆயினும் இரண்டாவது அளவுகோல் முற்றிலும் கைவிடப்படவில்லை. உறுப்பு தன் இடத்திலேயே இருந்து, அதன் ஆற்றல் மட்டும் போய்விட்டால் என்ன செய்வது? காது இருக்கிறது, கேட்கவில்லை. நாக்கு இருக்கிறது, பேச்சு வரவில்லை. ஆற்றலின் இழப்பும் இழப்பே எனச் சட்ட அறிஞர்கள் கூறினர். ஒருவர் எறிந்த கல்லால் தலையில் அடிபட்ட மனிதர் செவிப்புலனையும் பேச்சையும் அறிவையும் இல்லற ஆற்றலையும் இழந்து உயிரோடிருந்தார். அவருக்கு நான்கு தியத்துகள் கொடுக்கவேண்டுமென உமர் (ரலி) தீர்ப்பளித்ததாக வரும் செய்தியை இப்னு குதாமா ‘அல்முக்னீ’யில் எடுத்துக்காட்டுகிறார். அவர் இறந்திருந்தால் ஒரு தியத்தே கிடைத்திருக்கும். உயிரோடு இருப்பதால் நான்கு. வாழ்வு முழுவதும் சுமக்கவேண்டிய இழப்பு, மரணத்தைவிடப் பெரிய ஈட்டைக் கோரலாம் என்ற இக்கருத்தை நவீன நீதிமன்றங்களும் தம் வழியில் வந்தடைந்திருப்பதைப் பின்னர் காண்போம்.

அவசரத் தீர்வின் ஆபத்து

அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு நீதிபதி தம் மதிப்பீட்டால் தொகை குறிப்பதை ‘ஹுகூமத்துல் அத்ல்’ என்பர். காயம் ஆறியபின் வடுவே இல்லாமற் போனால் ஈடு உண்டா என்ற வினாவிற்கு ஹனஃபீ இமாம்களிடையே மூன்று விடைகள் உள்ளன. ஈடு நீங்கிவிடும் என்றார் இமாம் அபூஹனீஃபா. பட்ட வேதனைக்கு ஈடு உண்டு என்றார் இமாம் அபூயூசுஃப். மருத்துவருக்குக் கொடுத்த கூலி உண்டு என்றார் இமாம் முஹம்மத். வேதனைக்கான ஈடு, மருத்துவச் செலவு என்று இன்றைய தீர்ப்புகளில் தனித்தனித் தலைப்புகளாக வருபவற்றின் வித்துகளை இவ்விடைகளில் காணலாம்.

இவற்றினும் முக்கியமானது, எப்போது தீர்ப்பது என்பதாகும். முழங்காலில் கொம்பால் குத்தப்பட்ட ஒருவர் உடனே பழிவாங்கித் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். ஆறும்வரை பொறுத்திரும் என்றார்கள். அவர் மீண்டும் வற்புறுத்தவே, அவ்வாறே செய்யப்பட்டது. சில காலம் கழித்து அவர், தாம் முடமாகிவிட்டதாக முறையிட்டு வந்தார். தாம் தடுத்தும் அவர் கேளாததைச் சுட்டிக்காட்டிய நபியவர்கள், காயம் ஆறுமுன் பழிதீர்க்கப்படலாகாது எனத் தடைசெய்தார்கள். அஹ்மத், தாரகுத்னீ ஆகியோர் பதிவுசெய்துள்ள இந்நிகழ்ச்சியில், காயத்தின் முடிவு தெரியுமுன் கணக்கை முடித்துவிட்டவரின் இழப்பு கண்கூடு. ஈட்டுத்தொகையிலும் காயத்தின் விளைவு தெரிந்தபின்பே அளவு உறுதியாகும் என்பது சட்ட அறிஞர் பெரும்பான்மையோர் வகுத்த நெறி. மருத்துவமனைக் கட்டிலிலேயே வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கிச் செல்லும் இன்றைய வழக்கத்தை இந்நெறியின் எதிரில் வைத்துப் பார்த்தல் நலம்.

ஆகிலாவும் காப்பீடும்

தவறுதலாக நேர்ந்த தீங்கிற்கு ஒரு தனிமனிதன் நூறு ஒட்டகங்களுக்கு எங்கே போவான்? இதனால்தான் தியத்தைத் தீங்கிழைத்தவனின் ‘ஆகிலா’, அதாவது தந்தை வழி உறவினர், மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்தும் முறை ஏற்பட்டது. உமர் (ரலி) அவர்கள் படைவீரர் பதிவேடாகிய தீவானை ஏற்படுத்தியபின், அப்பதிவேட்டில் ஒன்றாக உள்ளோரே ஆகிலா என ஹனஃபீ மத்ஹப் ஏற்றது. குருதியுறவு மட்டுமின்றி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பும் சுமையைப் பகிரலாம் என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது.

இன்று இந்தியாவில் சாலையில் ஓடும் மோட்டார் வாகனங்களுக்குப் பொதுவாக மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். வணிகக் காப்பீடு கூடாது என்றும், கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1985இல் தீர்மானித்தது. இதைக் கேட்டு, ‘காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தை வாங்கலாமா’ என ஐயுறுவோர் உண்டு. காயமுற்றவர் அக்காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர் என்பதை இவர்கள் கருதவேண்டும். அவருடைய உரிமை, தீங்கிழைத்தவர் மீதும் வாகன உரிமையாளர் மீதும் உள்ளது. அவர்கள் செலுத்தவேண்டியதை நிறுவனம் அவர்கள் சார்பில் செலுத்துகிறது. ஒப்பந்தத்தின் கூடும் கூடாமை, பாதிக்கப்பட்டவரின் உரிமையை அழித்துவிடாது என்றே தோன்றுகிறது. ஐயம் நீங்காதவர் தம் பகுதி உலமாக்களை அணுகித் தெளிவு பெறலாம்.

நம் நாட்டில் நிலவும் சட்டம்

இந்தியாவில் ஷரீஅத் சட்டம் திருமணம், வாரிசுரிமை முதலிய தனிநபர் விவகாரங்களிலேயே நீதிமன்றங்களில் செயற்படுகிறது. உடற்காயத்திற்கான ஈடு எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான சட்டத்தின்கீழ் வருகிறது. ஆதலால் மேலே கண்ட ஃபிக்ஹு நெறிகள் உரிமையுணர்வைத் தெளிவாக்க உதவும். உரிமையைப் பெறுவதற்கோ நாட்டின் சட்டத்தையே அறியவேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காயமுற்றவர் மனுச் செய்யலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம் இத்தீர்ப்பாயமாகச் செயல்படுகிறது. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பதில்லை. தாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தொடுக்கலாம். வெளியூரில் விபத்துக்குள்ளாகிச் சொந்த ஊரில் படுத்திருப்பவருக்கு இது பெரும் சலுகை. குற்றவியல் வழக்கைப் போல ஐயந்திரிபற மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. எது நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதில் சான்றுகளின் எடை எப்பக்கம் சாய்கிறது எனப் பார்ப்பதே இங்குள்ள முறை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுத் தாக்கல் செய்யவேண்டும் என்ற வரம்பு ஏற்பட்டது. இதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டு, காலங்கடந்தது என்ற காரணத்திற்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யவேண்டாமென 2025 நவம்பரில் இடைக்கால ஆணை பிறப்பிக்கப்பட்டது. எனினும் அதனை நம்பிக் காலந்தாழ்த்துதல் அறிவுடைமையாகாது. மனுவை உரிய காலத்தில் தாக்கல் செய்வது வேறு, ஊனத்தின் அளவை இறுதியாக உறுதிசெய்வது வேறு. காயம் ஆறும்வரை பொறுக்கும் நெறி இரண்டாவதற்கே உரியது. மனுவை முதலிலேயே தாக்கல் செய்துவிட்டு, சிகிச்சை நிறைவுற்றபின் மருத்துவக் குழுவின் சான்றிதழைச் சேர்ப்பதற்குத் தடையில்லை.

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, காவல்துறை விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணிநேரத்திற்குள் தீர்ப்பாயத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் அனுப்பவேண்டும். விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்திற்கு அளிக்கவேண்டும். ஆயினும் காவல்துறையே எல்லாவற்றையும் செய்துவிடும் என இருந்துவிடலாகாது. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், மருத்துவமனையிலிருந்து வெளிவரும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம், ஒவ்வொரு மருந்துக் கடைச் சீட்டு, ஆம்புலன்ஸ் வாடகை, உதவியாளுக்குக் கொடுத்த கூலி, வருமானத்திற்கான சான்று ஆகிய அனைத்தையும் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பேற்று ஒரே கோப்பில் சேர்த்துவைத்தல் இன்றியமையாதது. வேதனையில் இருப்பவரால் இது இயலாது. உற்றார் செய்யக்கூடிய உண்மையான உதவி இதுவே.

இழப்பை அளக்கும் முறை

உடற்காய வழக்குகளில் தொகை எவ்வாறு கணிக்கப்படவேண்டும் என்பதை 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தெளிவாக வகுத்தது. மருத்துவம், போக்குவரத்து, ஊட்டவுணவு ஆகியவற்றின் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிலையான ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம், வருங்கால மருத்துவச் செலவு என்பன பொருள் சார்ந்தவை. வலியும் வேதனையும், வாழ்வின் இன்பங்களையும் திருமண வாய்ப்பையும் இழத்தல், ஆயுட்காலம் குறைதல் என்பன பொருள் சாராதவை. இத்தீர்ப்பின் உயிர்நாடி, மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காட்டையும் வருமானம் ஈட்டும் ஆற்றலின் இழப்பையும் அது பிரித்துக் காட்டியதாகும். இடக்கையை இழந்தவரின் உடல் ஊனம் ஏறத்தாழ 60 விழுக்காடு என மருத்துவர் கூறலாம். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையே. அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். மருத்துவர் உடலை அளக்கிறார், அந்த உடலைக்கொண்டு அவர் எவ்வாறு பிழைத்தார் என்பதைத் தீர்ப்பாயம் அளக்கவேண்டும்.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். முப்பது வயதுத் தையற்காரர் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டினார் எனக் கொள்வோம். சுயதொழில் செய்யும் நாற்பது வயதிற்குட்பட்டவருக்கு வருங்கால முன்னேற்றத்தின் பொருட்டு 40 விழுக்காடு கூட்டவேண்டும் என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஊன வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்பது 2020இல் உறுதியானது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரையுள்ளவர்க்குப் பெருக்கெண் 17. பெருக்கினால் 42,84,000 ரூபாய். வலக்கை நசுங்கிய அவருக்கு முழு உடல் அடிப்படையில் 30 விழுக்காடு ஊனம் என மருத்துவர் சான்றளிக்கிறார். அதையே வருமான இழப்பாகவும் கொண்டால் கிடைப்பது 12,85,200. கத்தரி பிடிக்கவியலாத தையற்காரரின் தொழில் ஆற்றல் இழப்பு 80 விழுக்காடு எனத் தீர்ப்பாயம் கண்டால் 34,27,200. ஒரே கை, ஒரே காயம். அவர் தையற்காரர் என்பதைச் சான்றுடன் எடுத்துரைத்ததா இல்லையா என்பதில் மட்டும் 21 இலட்சத்திற்கு மேல் வேறுபடுகிறது.

மரண வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென வருமானத்தில் ஒரு பங்கு கழிக்கப்படும். காய வழக்கில் அக்கழிவு இல்லை. அவர் உண்டு உடுத்தி வாழவேண்டியவர் அல்லவா? இதனோடு உதவியாளர் செலவும் மருத்துவச் செலவும் சேரும்போது, முற்றிலும் செயலிழந்தவருக்குரிய தொகை மரணத்திற்குரியதை விஞ்சிவிடும். நான்கு தியத் தீர்ப்பில் கண்ட கருத்து இங்கே வேறு உருவில் நிற்கிறது. 2007இல் விபத்துக்குள்ளாகி, ஒன்பது மாதக் குழந்தையின் மனநிலையோடு எஞ்சிய பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வழக்கில், உயர் நீதிமன்றம் அளித்த ஏறத்தாழ 25.78 இலட்சத்தை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் 62.27 இலட்சமாக உயர்த்தியது. வருமானமே இல்லாத சிறுமிக்குத் தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கில் கொண்டது. வாழ்நாள் முழுவதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்களுக்கான செலவையும் பெருக்கெண் முறையிலேயே கணித்தது.

இல்லத்தரசியின் நிலையும் இத்தகையதே. பெண்ணுக்குரிய தியத் ஆணுக்குரியதில் பாதி என்பது நான்கு மத்ஹபுகளின் நிலைப்பாடு. இரண்டும் சமம் எனக் கூறிய இப்னு உலைய்யா, அபூபக்ர் அல்அஸம் போன்றோரின் மாற்றுக் கருத்தும் நூல்களில் பதிவாகியுள்ளது. இந்தியச் சட்டத்தில் இவ்வேறுபாடு இல்லை. சம்பளமின்றி வீட்டில் உழைக்கும் பெண்ணின் பணிக்கும் பண மதிப்பு உண்டென 2010இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ‘அவர் வீட்டில்தானே இருக்கிறார்’ எனக் கருதி மனுவே செய்யாமல் விடுவது பெருந்தவறு.

இம்முறையிலும் குறை உண்டு. வருமானத்தைக்கொண்டு பெருக்குவதால், செல்வரின் கைக்கும் கூலித்தொழிலாளியின் கைக்கும் தொகை வேறுபடுகிறது. எல்லா விரலும் சமம் என்ற நபிமொழியின் சமத்துவம் இக்கணக்கில் இல்லை. மறுபுறம், அட்டவணையில் மட்டும் நின்றுவிட்டால் தையற்காரரின் தனித்துயர் மறைந்துவிடும். கண்ணியத்தின் அளவுகோலும் பயனின் அளவுகோலும் ஒன்றையொன்று நிறைவு செய்யவேண்டியவை என்பதே இவ்வொப்பீட்டால் நாம் பெறும் படிப்பினை.

எச்சரிக்கைகள்

முதலாவது, குறைந்த தொகைக்கு உடன்படுதல். யார்மீது பிழை என ஆராயாமலே படுகாயத்திற்கு 2.5 இலட்சம் ரூபாய் பெற 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அதனை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். சிறு காயத்திற்கு அது நல்வழி. கையிழந்தவருக்கு அது பெருநட்டம். காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கும் சமரசத் தொகையை ஏற்பதும் மறுப்பதும் பாதிக்கப்பட்டவரின் விருப்பம். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பட்டு முடித்த வழக்கில் மேல்முறையீடு கிடையாது. சமரசம் நல்லதே, அது கணக்குத் தெரிந்தவரின் சமரசமாக இருக்கட்டும். ஜமாஅத் பெரியவர்கள் நல்லெண்ணத்துடன் பேசி முடிக்கும்போதும் இதனைக் கருத்திற்கொள்ளவேண்டும். வாகனக்காரரும் நம்மவரே என்ற பரிவால் அவர் பையிலிருந்து சிறுதொகையைப் பெற்றுத்தருகின்றனர். காப்பீடு உள்ள வாகனமாயின் அவரை வருத்தாமலே பன்மடங்கு கிடைத்திருக்கும்.

இரண்டாவது, இடைத்தரகர்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு எனப் பேசி வழக்கை ஏற்பது வழக்கறிஞர் தொழில் நெறிகளுக்கு மாறானது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் அதனைத் தடுக்கின்றன. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், வருமான வரம்பிற்குட்பட்டோர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது.

மூன்றாவது, பொய். மோதிய வாகனத்திற்குப் பதில் காப்பீடுள்ள வேறொரு வாகனத்தைக் காட்டுவதும், இல்லாத ஊனத்திற்குச் சான்றிதழ் பெறுவதும் பிறர் பொருளை அநியாயமாக உண்பதாகும். தன் பிழையும் கலந்திருந்தால் அதன் பங்கு தொகையிலிருந்து கழிக்கப்படும். அதை மறைக்காமல் கூறுவதே முஃமினுக்கு அழகு. மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவெனத் தெரியாத நிலையிலும் பொய்க்குத் தேவையில்லை. படுகாயமுற்றவருக்கு 50,000 ரூபாயும், இறந்தவர் குடும்பத்திற்கு 2 இலட்சமும் அரசின் திட்டத்தில் கிடைக்க வழியுண்டு.

தொகை வந்தபின்

பெருந்தொகை கைக்கு வந்ததும் உறவினரின் கடனும் திருமணச் செலவும் அதனைச் சூழ்ந்துகொள்ளும். அது ஒருவரின் எஞ்சிய வாழ்நாளுக்கான கூலி என்பதை மறத்தலாகாது. எழுத்தறிவற்றோர், சிறார், விதவையர் ஆகியோரின் தொகையை வைப்புநிதியில் இட்டுப் பாதுகாக்குமாறு உச்ச நீதிமன்றம் நெறிகாட்டியுள்ளது. மனுச்செய்த நாள் முதல் தீர்ப்புத் தொகையோடு தீர்ப்பாயம் வட்டியும் சேர்த்து ஆணையிடுவதுண்டு. அது நம்மவர் மனத்தை உறுத்தக்கூடும். வட்டிப் பகுதி தீர்ப்பில் தனியே காட்டப்படுவதால் அதனைப் பிரித்தறிவது எளிது. அதனை என்செய்வதென்பது மார்க்க அறிஞரிடம் கேட்டறிய வேண்டியது. அதன் பொருட்டு அசல் உரிமையையே கைவிடுவது முறையன்று.

நலம் விசாரிக்கச் செல்பவர் சொல்லவேண்டிய சொற்களும் இரண்டுதாம். ‘பொறுமையாக இருங்கள்’ என்பது முதலாவது, அது என்றும் மாறாது. ‘எதிலும் கையொப்பமிடாதீர்கள், தாள்களை நான் சேர்த்துவைக்கிறேன்’ என்பது இரண்டாவதாக இருக்கட்டும். முழங்காலில் குத்துண்டு வந்தவரிடம், ஆறும்வரை பொறுத்திரும் எனக் கூறப்பட்ட பொறுமை உரிமையைக் காக்கும் பொறுமை. அத்தகைய பொறுமையை நோயாளிக்கு எடுத்துரைத்து, அதற்குத் துணைநிற்பதும் நலம் விசாரிப்பதன் ஒரு பகுதியே.